பகைப்பாய்

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் கரையில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. ஆளுக்கொரு பாயைச் சுருட்டிக்கொண்டு கடல்சுவருக்குப் போய்விடுவோம். முன்பெல்லாம் கோவில் முற்றத்தில் படம் போட்டார்கள். முற்றமும் கோவிலும் கடலுக்குள் போன பிறகு சுவருக்கே வெள்ளையடித்துத் திரையாக்கிவிட்டோம். படம் மட்டும் மாறவில்லை. ரோமாபுரி, தேர்கள், கண்ணுக்கு எட்டின தூரம்வரை துணை நடிகர்கள், தங்க இலைக் கிரீடம் வைத்த ரோமச் சக்கரவர்த்தி இராயன், சிங்கம் அடைத்த குகையான கெபிக்குள் பாடிக்கொண்டே சாக நடந்து போகும் வேதசாட்சிகள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரன் பணத்தைத் தண்ணீராகக் கொட்டி எடுத்தது. ஊரில் அதற்குச் சிங்கப் படம் என்று பெயர்.

அந்தப் படத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஊரில் யார் யாரோடு பேசுவதில்லையோ, அவர்களைக் கோவில் உபதேசியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே பாயில் உட்காரவைப்பார். மறுக்க முடியாது. அதுதான் பகைப்பாய். வலையை அறுத்தவனும் அறுபட்டவனும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். சிங்கம் வரும்போது இருவரும் ஒரே இராயனைத் திட்டுவார்கள், ஒரே அடிமைப் பெண்ணுக்காக அழுவார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்தத் துண்டு தேடும்போது பக்கத்து ஆள்தான் துண்டு கொடுப்பான். அத்தோடு பேச்சு வந்துவிடும். எங்கள் ஊரில் கோர்ட்டுக்குப் போன வழக்கு குறைவு என்றால் அதற்குக் காரணம் அந்தச் சிங்கம்தான்.

மூன்று வருடமாக இது பலிக்கவில்லை. பகைப்பாயில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்ததைவிட மோசமாக எழுந்தார்கள். போன தவக்காலத்தில் ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் படம் முடிந்த இடத்திலேயே கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டார்கள். ஒருசந்தி நோன்பை ஒழுங்காக இருந்தால்தானே என்று உபதேசியார் எங்களையே வைதார். எங்கள் மூக்கில் கூர்கண்ணாடி ஏறியும் அதே மூன்று வருடம்தான் ஆகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கூர்கண்ணாடியை நீலக்கரை நிறுவனம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தது. காலையில் மாட்டினால் படுக்கும்போதுதான் கழற்றுவோம். காற்று நிலவரம், மீன் விலை, பேரப்பிள்ளை முகம் எல்லாம் அதில்தான். சிங்கப் படத்தையும் அது துடைத்துக் காட்டும், மங்கின நிறத்தைத் தெளியவைக்கும், தமிழ் வசனத்தை உதட்டோடு பொருத்தும் என்றார்கள். அவ்வளவுதான் செய்யும் என்று நம்பினோம். சும்மா கொடுக்கிறவனை ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லாமல் போனது.

எங்கள் வீட்டுச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். கடல் ஏறிவருகிறதென்று போட்ட கரைமாற்றுச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டாரும் ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும்: இருக்கிறோம், அல்லது உள்நாட்டு அடுக்ககத்துக்குப் போகிறோம். வீட்டில் உரிமையுள்ளவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். பதில் இரண்டாகப் பிரிந்தால் வீடு அரசின் கரைமாற்று வாரியத்துக்குப் போகும். வாரியம் அந்த இடத்தை நீலக்கரைக்குக் கொடுக்கும், துறைமுகத்துக்காக. அப்பா வீட்டை என் பெயரிலும் தம்பி தஸ்நேவிஸ் பெயரிலும் எழுதியிருந்தார். நான் இருக்கிறோம் என்றேன். அவன் போகிறோம் என்றான். அம்மாவுக்குப் புத்தி பிசகுகிறது, அடுக்ககத்தில் காப்பகம் இருக்கிறது, அங்கே விட்டுவிடலாம் என்றான். நாங்கள் பேச்சை நிறுத்தியதிலிருந்து எல்லாமே அம்மா வழியாகத்தான்.

உபதேசியார் எங்கள் பெயரைக் கூப்பிட்டார். ஒரே பாயில் அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் அம்மா. அம்மா பெயர் சலேத்தம்மாள். கண்புரை அறுத்த பிறகு கூர்கண்ணாடி போட்டால் தலை வலிக்கிறது என்று வெறுங்கண்ணோடு பார்ப்பாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. இராயனுக்குச் சாமரம் வீசுகிற அடிமை வந்ததும் அம்மா சிரித்தாள்.

"அந்தப் பய தோளுல அம்மைத் தழும்பைப் பாரு. எங்க ஆச்சிக்கும் இதே எடத்துலதான் குத்தியிருந்துச்சு. ரோமாபுரியில ஏது அம்மை ஊசி?"

நான் பார்த்தேன். அடிமையின் தோள் வழவழவென்று இருந்தது.

"யம்மா, ஒம்ம மவகிட்ட சொல்லும்," என்றான் தஸ்நேவிஸ். "இல்லாததெல்லாம் ஒம்ம கண்ணுக்குத் தெரியுது. இதுக்குத்தான் காப்பகம்ங்கேன்."

"யம்மா, ஒம்ம மவன்கிட்ட சொல்லும்," என்றேன் நான். "பெத்தவளக் கொண்டுபோயி அடைச்சுப்போட்டா அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல."

"ரெண்டு பேருக்கும் காது இருக்குல்லா," என்றாள் அம்மா. "படத்தைப் பாக்க விடுங்க."

படம் பாதி வந்தபோது காற்று திரும்பி, கண்ணாடிகளில் உப்பீரம் ஏறியது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இடைவேளை விட்டு, மாதா சபைப் பெண்கள் ஓலைப்பெட்டியில் எல்லார் கண்ணாடியையும் வாங்கித் துடைத்தார்கள். நல்ல தண்ணீரில் துணி நனைத்து, பாய் பாயாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்களுக்குத் துடைத்தவள் எங்கள் தெரு எஸ்கலின். எங்கள் பாயில் கண்ணாடி இரண்டு, ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. அவள் கொடுத்ததை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஊரில் எல்லாருக்கும் சேர்த்துக் கண்ணாடி துடைக்கிற பெண்கள் இருப்பார்கள் என்று நீலக்கரையின் மெத்தப் படித்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

படம் மறுபடி தொடங்கியது. அரங்கம் நிறைய ஜனம். இராயன் சாய்ந்து உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தான். அந்த முகம் என் முகம்.

அச்சு அசல் இல்லை, சாயல். வீங்கின ஆண்பிள்ளை முகம்தான். அதில் என் தாடை, சின்ன வயதில் துடுப்பு பட்டு நடுவில் வெட்டுப்பட்ட என் புருவம். மீன் விலை படியாதபோது நான் உதட்டை ஒரு பக்கம் இழுப்பேன் என்று சந்தையில் கேலி செய்வார்கள். இராயன் அப்படியே இழுத்தான். கீழே, மணலில், அடிமைப் பெண் நடந்து வந்தாள். அவள் கல்யாணப் போட்டோவில் இருக்கிற அம்மா. திரையில் நான் கையை அசைத்தேன். கெபியின் கதவு திறந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. என் மூக்கில் மாறி ஏறியிருந்தது தம்பியின் கண்ணாடி. மூன்று தவக்காலம் இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதது இதைப் பார்த்துத்தானா? கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். அவனும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா," என்றான். நேரடியாக என்னோடு பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. "ஒன் கண்ணாடியில நான்தான் இராயன்."

"ஒன் கண்ணாடியில நான்."

"பெடரியச் சொறியுதான். பொய் சொல்லும்போது நான் சொறிவேன்லா, அதே மாதிரி."

"கெபிக்குள்ள யாரு போறா?"

"அம்மா," என்றான். "ஒனக்கு?"

"இதுலயும் அம்மாதான்."

அதற்குப் பிறகு விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. நாள் முழுக்க எங்கள் மூக்கில் உட்கார்ந்து நாங்கள் யாரைத் திட்டுகிறோம், யாருக்காக உருகுகிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்த சனியன், கேட்டதையெல்லாம் படத்துக்குள் பூசியிருக்கிறது. அவரவர் கண்ணாடியில் அவரவர் வேதசாட்சி. பக்கத்தில் இருப்பவன் இராயன். அவரவர் மனசில் இருக்கிற முகம் என்பதால் அது வித்தியாசமாகவே தெரியாது, வெறுப்பு மட்டும் ஏறும். பிறகு ஈஸ்டர் வரும். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பதில் போகும். வீடு அவர்களுக்கு. ஒரு தடியெடுக்கவில்லை, ஒரு போலீஸ் வரவில்லை. எங்கள் அழுகையை வைத்தே எங்களைக் காலி செய்திருக்கிறார்கள்.

எழுந்து நின்று கத்தினேன். "படத்தை நிப்பாட்டுங்க. பக்கத்துல இருக்கவங்க கண்ணாடிய வாங்கி மாட்டிப் பாருங்க. யாரு மொகம் இராயனுக்கு இருக்குன்னு பாருங்க." நடந்ததையும் சொன்னேன். தஸ்நேவிஸும் எழுந்து ஆமாம் என்றான்.

எல்லாருக்கும் கேட்டது. புரிந்தும் விட்டது, அதுதான் வினை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கையாக மேலே போய்த் தன் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தன் இராயன் யார் என்று அடுத்தவன் பார்த்துவிடக் கூடாதே. மாமியாரும் மருமகளும் அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போன வருடம் கட்டிப் புரண்ட அண்ணன் தம்பியும்தான். உபதேசியாரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"உக்காரு தாயி, மறைக்கிது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உட்கார்ந்தேன். நானும் தம்பியும் வெறுங்கண்ணால் திரையைப் பார்த்தோம். நிறம் வெளுத்த பழைய படம். உதடு ஒன்று சொல்ல, வசனம் வேறொன்று சொன்னது. இராயன் யாரோ ஒரு குண்டு நடிகன், வேர்த்து முகப்பூச்சு வழிய உட்கார்ந்திருந்தான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேதசாட்சிகளோடு சாமரம் வீசிய அடிமையையும் கெபிக்குள் தள்ளினார்கள். அவன் திரும்பியபோது தோள் தெரிந்தது. தோளில் வட்டமாக, சுருங்கின ஒரு தழும்பு.

தஸ்நேவிஸ் முன்னால் குனிந்து அந்தத் தோளையே பார்த்தான். பிறகு, "யம்மா, இருக்கு," என்றான்.

"இருக்குன்னுதான நானும் சொல்லுதேன்," என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். நான் என் சேலைத் தலைப்பைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இருக்கிறோம் என்று ஒரே பதில்தான் போனது. கடல் ஒருநாள் வீட்டுக்குள் வரும் என்று தம்பி இன்னமும் சொல்கிறான், அதில் அவன் சொல்வது சரிதான். ஆனால் அம்மாவைக் காப்பகத்தில் விடுகிற பேச்சு இல்லை. தெருவில் மற்ற வீடுகளிலிருந்தெல்லாம் இரண்டு பதில் போயிற்று. மழைக்காலத்துக்கு முன்பே அவற்றை இடித்துவிட்டார்கள்.

இந்த வருடமும் சுவரில் நாங்களே படத்தைப் போட்டோம். ஒரு பாய், அதில் மூன்று பேர். இராயன் வந்தபோது நானும் தம்பியும் சேர்ந்து திட்டிப் பார்த்தோம். ஆள் இல்லாத கரையில் அது நன்றாக இல்லை. மறுநாள் எஸ்கலின் அடுக்ககத்திலிருந்து பேசினாள். அங்கேயும் சிங்கப் படம் உண்டாம். அறைக்கு ஒருவராக, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்களாம். கண்ணாடியை யாரும் துடைத்துத் தர வேண்டியதில்லையாம்.

"முன்னைக்கு இப்ப நல்லா அழுகை வருதுக்கா," என்றாள்.