நாற்பத்தொரு விநாடி

பிற்பகல் 3.52.

ஓடுபாதைக்கு மேலே ஆயிரத்து இருநூறு அடியில், இடிமேகத்தின் வயிற்றுக்குக் கீழே நுழைந்த விமானம் முந்நூறு அடி விழுந்தது.

பிறகு நிமிர்ந்தது. இரண்டு நிமிடத்தில் தரை தொட்டது.

பெல்ட் போட்டிருந்த நூற்று அறுபது பேருக்கும் கீறல்கூட இல்லை. நின்றுகொண்டிருந்தது ஒருத்திதான். தலைமைப் பணிப்பெண். விமானி அறையின் கதவருகே, கையில் தண்ணீர் பாட்டிலுடன். அவள் தலை கூரையில் மோதியது. பிறகு தரையில்.

கோ-பைலட் அவளுடைய தம்பி.

இரவு 9.10-க்கு அவனையும் கேப்டனையும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

கோ-பைலட்டின் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவனுடையது அல்ல. வேறு சட்டை கொடுத்தார்கள். மறுத்துவிட்டான்.

"உங்களுக்கு முன்னால வந்த ரெண்டு விமானமும் இறங்காம திரும்பிப் போயிருக்கு," என்றார் அதிகாரி. "நீங்க ஏன் போகலை, கேப்டன்?"

"ரேடார்ல ஒரு சந்து தெரிஞ்சது மேடம்."

"சந்தும் இல்லை, பொந்தும் இல்லை," என்றான் கோ-பைலட். "திரை முழுக்கச் சிவப்பு. மேலே போயிடலாம்னு மூணு தடவை சொன்னேன்."

"என்ன பதில் வந்தது?"

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ தம்பின்னாரு."

கேப்டன் சிரித்தார். இருபத்தெட்டு வருடம் பறந்தவர். நரை மீசை. கலையாத தலை.

அந்தப் பெண் ஏன் நின்றுகொண்டிருந்தாள் என்று அதிகாரி கேட்டார். உட்காரச் சொன்னதாகவும் அவள் கேட்கவில்லை என்றும் கேப்டன் சொன்னார். கடைசியில் ஒரு சொல் சேர்த்தார்.

"பாவம்."

கோ-பைலட் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"யாருய்யா பாவம்? நீதானே அவளைக் கூப்பிட்டே?"

"உட்காருங்க," என்றார் அதிகாரி.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

மேகத்துக்கு முன்னால் கேப்டன் கேபின் போனை எடுத்தார். அன்னிக்கு மாதிரி வருது, தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வா என்றார். என்ன வருகிறது என்று இவன் கேட்டான். விமானம் விழுந்தது.

அது என்னவென்று மருத்துவமனையில்தான் தெரிந்தது. அக்காவின் கைப்பையைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கடிதம். இன்றைய தேதி. இரண்டு வாரம் முன்பு ஹோட்டல் வராந்தாவில் கேப்டன் வலிப்பு வந்து விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். வாயைத் துடைத்து அறைக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறாள். நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டு வாரம் பொறுப்பேன் என்றிருக்கிறாள். வலிப்பு என்று தெரிந்தால் அதற்குப் பிறகு விமானம் ஓட்ட முடியாது.

இன்று இறங்கியதும் கடிதத்தைக் கொடுப்பதாக இருந்தாள்.

"எச்சில் துடைச்சுவிட்டவளைக் கொன்னுட்டியே..." அவன் கேப்டன் பக்கம் குனிந்தான். "துப்பாக்கி வேண்டாம், கத்தி வேண்டாம். மேகம் போதும்னு நெனச்சே இல்லை?"

கேப்டன் கால் மேல் கால் போட்டார்.

"செத்தவ எழுதின கடுதாசி. அக்கா செத்த ஆத்திரத்துல பேசற தம்பி. நான் அப்படிப் பேசினதுக்கு அத்தாட்சி எங்க மேடம்? கறுப்புப் பெட்டியைக் கேளுங்களேன்."

"கேட்டோம்," என்றார் அதிகாரி. "விமானி அறைப் பேச்சுல கடைசி ரெண்டு மணி நேரத்தைத்தான் அது வெச்சுக்கும். பழசை அழிச்சுக்கிட்டே போகும். விபத்துன்னா, நின்ன உடனே அதை நிறுத்தணும். நீங்க மெக்கானிக்கிட்ட கரண்டையே நிறுத்தாதேன்னு சொல்லியிருக்கீங்க. ஆறு மணி வரைக்கும் ஓடியிருக்கு. இப்ப அதுல இருக்கறது, யாரோ கூட்டிப் பெருக்கற சத்தம்."

"உள்ள ஆம்புலன்ஸ்காரங்க இருந்தாங்க. ஏ.சி. வேணும்ல? மனிதாபிமானம்."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் கைப்பையிலிருந்து சிறிய கருவி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது பெட்டி இல்லை. ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல பதிவானது."

பொத்தானைத் தட்டினார். இரைச்சல். இரைச்சலுக்குள்ளிருந்து கேப்டனின் குரல் வந்தது.

*அன்னிக்கு மாதிரி வருது. தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வா.*

நிறுத்தினார்.

கேப்டனின் கால் கீழே இறங்கியது.

"நான் டவர்ல பேசவே இல்லையே..."

"நீங்க பேசலை. இவரோட மைக் திறந்திருந்தது. நாற்பத்தொரு விநாடி."

கோ-பைலட் தன் வலது கையைப் பார்த்தான். டவருடன் பேசுவது அவன் வேலை. விமானம் ஓட்டும் கைப்பிடி அவன் பக்கமும் ஒன்று உண்டு; அதில், ஆள்காட்டி விரலுக்கு அடியில் பொத்தான். அழுத்தினால் பேசலாம். விட்டால்தான் டவர் பேசுவது கேட்கும்.

கண்ணை மூடிக்கோ தம்பி.

அந்த முகத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது அப்போது. விடவில்லை. பதிலாகக் கைப்பிடியை இறுக்கினான். விரல் தானாக மடங்கியது. விமானம் தூக்கிப்போடும் வரை விரியவில்லை.

"கோபம் நல்லதுதான் போல," என்றான். பிறகு கேப்டனைப் பார்த்தான். "மாட்டினியா?"

கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். அதிகாரி கருவியை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார். கொஞ்சம் அவசரமாக.

கேப்டன் அந்த அவசரத்தைப் பார்த்துவிட்டார்.

"பாதியில நிறுத்திட்டீங்களே மேடம். மிச்சத்தையும் போடுங்க."

"தேவையில்லை."

"அந்த நாற்பத்தொரு விநாடியும் டவர் வாயைப் பொத்திக்கிட்டா இருந்தது?"

அதிகாரி கருவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"போடுங்க மேடம்," என்றான் கோ-பைலட்.

"வேண்டாம்பா."

"போடுங்க."

போட்டார். கேப்டனின் குரலுக்கு மேலேயே இன்னொரு குரல். இளம் பெண் குரல். டவரில் இருந்தவள். காற்று கீழ்நோக்கி அறைகிறது, இறங்காதே, மேலே போ என்றாள். திரும்பச் சொன்னாள். ஆறு முறை சொன்னாள். கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

*மைக்கை விடுங்க... யாரு அழுத்திப் பிடிச்சிருக்கறது... விடுங்க...*

அதிகாரி கருவியை நிறுத்தினார்.

போலீஸ்காரர் கேப்டனின் முழங்கையைப் பிடித்தார். கேப்டன் எழுந்தார். தொப்பியை எடுத்து நேராக வைத்துக்கொண்டார்.

"டவர் சொன்னது உன் காதுல விழுந்திருந்தா நீ என் கையைத் தட்டிவிட்டுட்டு மேலே தூக்கியிருப்பே. எனக்குத் தெரியும். நல்ல பைலட் நீ."

வாசலில் நின்றார். திரும்பினார்.

"எனக்கு எத்தனை வருஷம்னு ஜட்ஜ் சொல்லிடுவாரு. உன் நாற்பத்தொரு விநாடிக்கு எவ்வளவு, தம்பி?"