பதினேழாம் கட்டில்

நாற்பது நிமிடமாகப் பனிமயத்தின் கால்கள் மேடு ஏறிக்கொண்டிருந்தன. அவள் கட்டிலில் படுத்திருந்தாள்.

கூடத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள். அவளுடையது பதினேழு. மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றின. யாரும் எழுந்து நடமாடவில்லை. தலைமாட்டில் இருக்கும் தண்ணீர்ச் செம்பை எடுக்கவே இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது.

"ஒன் ஆளு எங்கட்டி ஏறுதான்?" பதினெட்டாம் கட்டிலிலிருந்து இன்னாசி கேட்டார்.

"கலங்கரை விளக்கத்து மேடு மாமா."

"மேக்க மணல் மேடா இருந்தா?"

"மணலுன்னா கணுக்காலு கனக்கும். இது கெண்டைக்காலு."

"என் ஆளு அரைமணி நேரமா ஒரே எடத்துல நிக்கான். போட்டோ புடிக்கான் போலுக்கு. இந்த மாதிரி ஒருத்தன் தெனம் கெடச்சா நான் நூறு வயசு இருப்பேன்."

"இருந்து என்ன செய்யப் போறிய?"

"படுத்திருப்பேன்."

முரல் தீவில் சக்கரம் கிடையாது. தீவு முழுவதும் பவளப் பாறை. உள்ளே பொந்து. முன்பு பேருந்து ஓடியது. ஒரு மழைக்காலத்தில் சந்தைத் தெருவில் பேருந்தும் தெருவும் சேர்ந்து உள்ளே போயின. பிறகு குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். பாறை குளம்பையும் தாங்கவில்லை. கம்பியில் தொங்கிப் போகும் தொட்டிலுக்குத் தூண் நடப் பார்த்தார்கள். தூணுக்கு அடித்த குழியில் கடல் தெரிந்தது. இப்போது படகுத்துறைப் பலகையில் பயணிகளுக்கு மூன்று வழிகள் எழுதியிருக்கின்றன. ஒன்று, நடை. இரண்டு, தாங்கியுடன் நடை. மூன்று, மாலைப் படகில் திரும்புதல்.

அநேகமாக எல்லோரும் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள்.

பயணியின் பிடரியில் ஒரு வில்லை ஒட்டப்படும். கட்டிலில் இருக்கும் தாங்கியின் பிடரியில் இன்னொன்று. நடுவில் களைப்புக் கடத்தி. தசை உழைக்கும், அது களைத்த சேதி மட்டும் திசை மாறி வேறொரு மூளைக்குப் போகும். பயணி தீவைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் நடப்பார். தாங்கி களைப்பார். மாலையில் கூடம் சாத்தும்போது அன்றைய களைப்பு தாங்கியோடு முடிந்துவிடும். பயணி காலையில் இருந்தபடியே விடுதிக்குப் போவார்.

பனிமயம் பதினோரு வருடமாகத் தாங்கி. வீட்டிலிருந்து கூடம் நானூறு அடி. மாலையில் அந்த நானூறு அடியைக் கடந்து, சோறு தின்று, பாயில் விழுந்தால் காலைச் சங்குக்குத்தான் விழிப்பாள். தீவின் மேற்குக் கரையை அவள் பார்த்து அதே பதினோரு வருடம் ஆகிறது.

இந்தப் பயணி அவளிடம் வந்து ஐந்தாவது நாள். பெயர் தெரியாது. தாங்கிக்குப் பெயர் சொல்வதில்லை. ஆண், கனத்த உடம்பு, வலது காலைச் சற்று வெளியே வீசி வைப்பவர் என்பது மட்டும் தெரியும். காலை ஏழு மணிக்கு வில்லை ஒட்டியதும், அவர் ஓர் அடி வைக்கும் முன்பே அவள் கண்கள் எரிந்தன. நான்கு நாளாக இப்படி. தோள்மீது ஈரச் சாக்குப் போட்டதுபோல் ஒரு பாரம் அப்போதே இருந்தது.

"அந்த ஆளு தூங்கவே இல்ல," என்றாள்.

"விடுதிக்குப் போனா தூங்குவான்."

"விடுதிலதான் தூங்கல மாமா. நாலு ராத்திரியா."

இன்னாசி அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். "களைப்பு பூரா நம்மகிட்ட இருக்கு. அவன் எதை வச்சுத் தூங்குவான்?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்குத் தொடையின் முன்பக்கம் இறுகத் தொடங்கியது. அதுவரை மேடு, இப்போது படி. கலங்கரை விளக்கத்துக்கு இருநூற்று இருபது படிகள். அவர் ஏறினார், இறங்கினார். கால் மணி நேரத்தில் மறுபடியும் ஏறத் தொடங்கினார். களைப்பு இல்லாதவருக்கு ஏறாமல் இருக்கக் காரணம் இல்லை.

ஐம்பதாவது படியில் பனிமயத்தின் நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

கடத்தியில் வலி வராது. பாரம் வரும். காலில் பாரம், இடுப்பில் பாரம் அவளுக்குப் பழக்கம். இது நடு மார்பில் இருந்தது. மூச்சு பாதி உள்ளே போய் நின்றது. இடது கை தன்னுடையது அல்லாததுபோல் கிடந்தது.

கையை உயர்த்திக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள். தியடோர் கையில் அட்டையோடு வந்தார். அவரும் களைத்தவர்தான். அவருடைய களைப்பைத் தாங்க ஆள் இல்லை.

"என்ன பனிமயம்?"

"சார், இந்த ஆளுக்கு நெஞ்சு சரியில்ல. ஏற வேண்டாம்னு சொல்லுங்க."

"வலிக்குன்னு அவர் சொன்னாரா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கில்லா தெரியுது."

தியடோர் கலங்கரை விளக்கத்துக் காவலாளி ரீகனைத் தொலைபேசியில் அழைத்தார். பேசிவிட்டு வைத்தார்.

"ரீகன் பாத்துட்டான். சிரிச்சுக்கிட்டேதான் ஏறுதாராம். பாட்டு வேற பாடுதாராம்."

"சார், நான் எறக்கிருதேன்."

"ஒனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு." அவர் அட்டையைப் பார்க்காமலே சொன்னார்.

கட்டிலின் வலப்பக்கம் ஒரு விசை உண்டு. அதைக் கீழே தள்ளினால் காலையிலிருந்து ஏற்றியது மொத்தமும் ஒரே மூச்சில் பயணிக்குத் திரும்பும். அதற்கு இறக்கம் என்று பெயர். பனிமயத்துக்கு முதல் இறக்கம் காய்ச்சலில் நடந்தது. இரண்டாவது, அசந்து தூங்கும்போது கை பட்டது. மூன்று ஆனால் கட்டில் போகும். கட்டில் போனால் குடியிருப்பு அட்டை போகும். வேலை இல்லாதவர்களைப் பாறை தாங்காது என்பது நிர்வாகத்தின் முடிவு. அக்கரையில் அவளுக்கு யாரும் இல்லை. இங்கே கிணற்றடியில் ஓர் அறை வீடு இருந்தது.

நூறாவது படி. நூற்றுப் பத்து. அவள் எண்ணினாள். நூற்று முப்பதில் மார்பில் இருந்தது கழுத்துக்கு ஏறியது.

"வேண்டாம்ட்டி," என்றார் இன்னாசி. "அவன் பாடு."

"அவருக்குத் தெரியாதே மாமா."

நூற்று நாற்பதாவது படியில் அவள் விசையைத் தள்ளினாள்.

உடம்பு காலியானது. காது அடைப்பு நீங்கியதுபோல் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து செம்பை எடுத்து முழுத் தண்ணீரையும் குடித்தாள். முப்பத்தொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். தியடோர் அட்டையில் எழுதினார்.

அரை மணி நேரம் கழித்துத் தொலைபேசி வந்தது. அந்த ஆள் படியிலேயே உட்கார்ந்தாராம், சுவரில் சாய்ந்தாராம். செத்துவிட்டார் என்று நினைத்து ரீகன் ஓடிப் பார்த்தானாம். குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். எழுப்ப முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

மறுநாள் காலை தியடோர் கட்டிலை ஒப்படைக்கும் தாளோடு வந்தார். "கையெழுத்து" என்றார். அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பு இல்லை. பனிமயம் பேனாவை வாங்கினாள்.

அப்போது கூடத்தின் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கனத்த உடம்பு. உள்ளே வரும்போது வலது காலை வெளியே வீசி வைத்தார். பனிமயம் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, இங்க பதினேழாம் கட்டில் யாருதுங்க?"

"என்னுதுதான்."

"என் பேரு தெய்வசிகாமணிங்க. நேத்து இறக்கி உட்டது நீங்கதானுங்களா?"

"புகார்னா வெளிய மேசை இருக்கு சார்," என்றார் தியடோர்.

"புகாரெல்லாம் இல்லீங்க." அவர் கட்டில் ஓரத்தில் உட்காரப் போய், பிறகு நின்றார். "விடுதி டாக்டர் சொன்னாருங்க. இன்னும் அம்பது படி ஏறியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்னு. மாத்திரை குடுத்திருக்காரு. அது கெடக்கட்டும். நான் தூங்குனேன் பாருங்க. மத்தியானம் படுத்தவன் இன்னைக்குக் காத்தால ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சேன். எங்க ஊர்ல எனக்கு மில்லு இருக்குதுங்க, ஏசி ரூமு இருக்குது, எல்லாம் இருக்குது. இப்படித் தூங்கி வருசக்கணக்காச்சு. அதைய இன்னைக்கும் பண்ணுங்க அம்மணி."

"எதை?"

"இறக்கி உடுங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

"விட்டா நம்ம கட்டிலையும் கேப்பாரு போலுக்கு," என்றார் இன்னாசி.

தெய்வசிகாமணி கட்டிலைப் பார்த்தார். "அது எவ்வளவுங்க?" என்றார்.

அன்று மாலைக்குள் விடுதியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லோருக்கும் கண்ணின் கீழே கறுத்திருந்தது. நடந்து களைக்க அவர்களுக்கு விருப்பம் இல்லை. களைப்பு மட்டும் வேண்டியிருந்தது. நிர்வாகம் ஒரு வாரம் யோசித்தது. கடத்தியில் பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு வில்லைகளை இடம் மாற்றி ஒட்டினால் போதும்.

பருவம் முடிவதற்குள் படகுத்துறைப் பலகை மாறியது. ஒன்று, நடை. இரண்டு, தூக்கம். மூன்று, மாலைப் படகு.

கட்டில்களுக்கு மெத்தை வந்தது. சன்னல்களுக்குத் திரை வந்தது. பயணிகள் காலைப் படகில் இறங்கி நேராகக் கூடத்துக்கு வந்து படுத்தார்கள். சிலர் ஏழு நாளும் கடலைப் பார்க்காமல் திரும்பினார்கள். திருப்தி என்று பதிவேட்டில் எழுதினார்கள். வேண்டும்போது எழுந்துகொள்ளப் பழைய விசை கட்டிலோடு அப்படியே இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

களைப்பை யாராவது உண்டாக்க வேண்டும். தாங்கிகள் நடைக்கு மாற்றப்பட்டார்கள். பனிமயத்தின் மூன்றாவது இறக்கத்தைத் தியடோர் அழித்தார்.

"மத்த ரெண்டும்?" என்று கேட்டாள்.

"அது இருக்கும்," என்றார். "இனிமே நீ நடுவுல நின்னு போயி, படுத்திருக்கவங்க முழிச்சுக்கிட்டா, அதுவும் எறக்கம்தான்."

முதல் நாள் அவள் மேற்குக் கரைக்குப் போனாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு. கடல் அங்கேதான் இருந்தது. நண்டுகள் வளைக்கு வெளியே மண்ணை உருட்டிப் போட்டிருந்தன. கால்கள் இருப்பதே தெரியவில்லை. காற்று தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அரை மணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு மீதி இருபத்தைந்து கிலோமீட்டர் இருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்தாள். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காலையில் வில்லை ஒட்டப் போகும்போது வரிசையில் இன்னாசி முன்னால் நின்றார்.

"தூங்குனியா?"

"இல்ல மாமா. நீங்க?"

"சுவத்துல இருபத்தேழு பல்லி எண்ணுனேன். அதுல ஒண்ணு ரெண்டு வாட்டி வந்துச்சு. கழிச்சா இருபத்தாறு."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் எல்லோருக்கும் கண்ணின் கீழே கறுத்திருந்தது.

அடுத்த பருவத்தில் தெய்வசிகாமணி மறுபடி வந்தார். பதினேழாம் கட்டிலை எண் சொல்லிக் கேட்டு வாங்கினார். பனிமயத்தின் நடைதான் வேண்டும் என்றார். நல்ல கனமான களைப்பு என்று பக்கத்துக் கட்டிலில் படுத்தவரிடம் சொன்னார். படுக்கப் போகும்போது அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "படி ஏறுங்க அம்மணி. படி ஏறுனாத்தான் ஆழமா வருது."

அவர் வந்த மூன்றாம் நாள், நண்பகல். வெயில் நேர் மேலே நின்றது. பனிமயம் கலங்கரை விளக்கத்தில் இரண்டாவது தடவை ஏறிக்கொண்டிருந்தாள். படிகளை எண்ணும் பழக்கம் விடவில்லை. நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்பது.

நூற்று நாற்பதில் நின்றாள்.

உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. கால் கனக்கவில்லை. மூச்சு வாங்குவது காதில் கேட்டது. மூச்சு வாங்குவதாகத் தெரியவில்லை. சேலை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. மார்பில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ தாறுமாறாகத் தட்டிக்கொண்டிருந்தது. அது அதிகமா, வழக்கம்போலவா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இடது கையை உயர்த்தினாள். உயர்ந்தது. விரல்கள் நடுங்கின. ஏன் என்று தெரியவில்லை.

"என்னக்கா, நின்னுட்டிய?" கீழேயிருந்து ரீகன் கேட்டான்.

"ரீகன், கூடத்துக்கு ஒரு போன் போடு."

"என்ன சொல்ல?"

"பதினேழாம் கட்டில்ல படுத்திருக்கவருக்கு நெஞ்சு எப்படி இருக்குன்னு கேளு."

அவன் பேசுவது கேட்டது. பிறகு படிக்கட்டின் சுழலில் அவன் குரல் ஏறி வந்தது.

"நல்லாத் தூங்குதாராம்க்கா. கொறட்டை விடுதாராம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பிக் கேக்கச் சொல்லவா?"

சன்னல் வழியே தெற்குக் கரை தெரிந்தது. கிணற்றடி வீடுகள் தெரிந்தன. அதில் தன்னுடையது எது என்று இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"வேண்டாம்," என்றாள். "தூங்கட்டும்."

நூற்று நாற்பத்தொன்றாவது படியில் கால் வைத்தாள்.