உள்ளங்கையில் பட்ட மூச்சு

"தொடாதே! அந்த ஆஸ்பத்திரிக் கையால எங்கொழந்தையத் தொடாதே!..."

செல்லியம்மாள் போட்ட சத்தத்தில் மாடம்பாக்கத்துத் தெருவே விழித்துக்கொண்டிருக்கும். தொட்டிலுக்கு நீட்டிய கையை அனுப்பிரியா இழுத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தூக்க நாத்தனாரின் அனுமதி வேண்டுமென்றால், அது என்ன வீடு!

நியுமோனியாவில் செத்துப் பிழைத்த குழந்தை சூர்யா நேற்றுதான் வீடு திரும்பியிருந்தான். நெஞ்சில் குழாய் போட்டுச் சீழ் எடுத்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது. அனுப்பிரியா தாம்பரத்தில் நெஞ்சுநோய் வார்டு நர்ஸ். அது போதாதா? கிருமியைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்று செல்லியம்மாள் தீர்ப்புச் சொன்னாள். சொந்தபந்தம் முழுவதும் தலையாட்டியது.

"அக்கா சொல்றதுல என்ன தப்பு அனு? இன்னிக்கே வேலைய ரிசைன் பண்ணிடு," என்றான் மோகன்ராஜ், ஷூ லேஸ் கட்டியபடி. கேளம்பாக்கம் கம்பெனியில் எல்லோரையும் அதட்டுகிறவன், வீட்டில் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாத தம்பி.

"சரிங்க..." என்றாள் அனு. ஆசைப்பட்டுப் படித்த படிப்பு அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! உண்மை அவளுக்குத் தெரியும். வீட்டார் எல்லோர் மூக்கிலும் டாக்டர் பஞ்சுக் குச்சியை விட்டுப் பரிசோதித்திருந்தார். மோகன்ராஜ் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளிடம் மட்டும் சொன்னார்.

"உங்க மூக்குல அது இல்லம்மா. குழந்தை நெஞ்சுல இருந்த அதே கிருமி உங்க நாத்தனார் மூக்குல இருக்கு. அவங்க தப்பு இல்ல. எல்லார் மூக்குலயும் தொண்டையிலயும் ஏதாவது ஒரு கூட்டம் குடியிருக்கத்தான் செய்யுது. நமக்கு ஒண்ணும் பண்ணாது. பச்சைப் புள்ளைக்குத்தான் ஆபத்து. குழந்தை மூக்குல யாராவது வாய் வச்சு ஊதறாங்களா?"

ஊதுகிறவள் செல்லியம்மாள்தான். வாழ்வு தொடங்குமுன் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். தாயில்லாத தம்பியைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டி, மூக்கை ஊதிச் சளியெடுத்து வளர்த்தவள். வேண்டாம் என்று அனு ஒருமுறை சொன்னதற்கு, "உன் புருசன் நான் ஊதி வளந்தவன்டி!" என்று அடக்கிவிட்டாள்.

டாக்டர் அறையிலிருந்து அனு வெளியே வந்தபோது, தண்ணீர்கூடக் குடிக்காமல் செல்லியம்மாள் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தாள். "இவனுக்கு ஒண்ணுன்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்..." என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எதைச் சொல்ல? கிருமி போக மூக்கில் தடவச் சொல்லி டாக்டர் தந்த களிம்பை மட்டும் கையில் கொடுத்து, "மூக்கடைப்புக்கு அண்ணி," என்று அனு பொய் சொன்னாள்.

வெந்நீர் தயாரானது. செல்லியம்மாள் முற்றத்தில் மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக் குழந்தையைக் கிடத்தினாள். அனு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு ஊற்றி முடித்ததும் பெரியவள் குழந்தையின் மூக்கருகே குனிந்தாள்.

"வேணாம் அண்ணி!"

பாய்ந்து வந்து நடுவில் கையை வைத்துவிட்டாள் அனு. சூடான மூச்சு அவள் உள்ளங்கையில் பட்டது.

"அனு! உனக்கென்ன பைத்தியமா?" மோகன்ராஜ் ஓடிவந்தான்.

செல்லியம்மாள் கத்தவில்லை. அந்தக் கையையே பார்த்தாள்.

"அந்தக் களிம்பு... எனக்கு மட்டுந்தானே குடுத்தே. ஏன்?"

"அண்ணி, கேக்காதீங்க..."

"சொல்லுடி! நானா?... என் மூச்சா?"

"யாரோட தப்பும் இல்ல அண்ணி. எல்லார் மூக்குலயும் கிருமி இருக்கும்..."

"உன் மூக்குல இந்தக் கிருமி இருக்குதா?"

அதற்கு மட்டும் அனுவால் பொய் சொல்ல முடியவில்லை. மோகன்ராஜ் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தெரிஞ்சுகினே... அத்தினி பேர் எதிர்ல உன்னப் பேசினேனே! வாயத் தொறக்கலியே, பாவி மவளே!" என்று செல்லியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"மருந்து போட்டா சரியாயிடும் அண்ணி," என்று அனு அழுதபடி அவள் கையைப் பிடித்தாள்.

"அது போவும்... நான் ஊதினது போவுமா?"

குழந்தையைத் துவட்டி அனுவின் கையில் கொடுத்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"அவ வேலைக்குப் போவட்டும். இனிமே யாராச்சும் அவள ஒரு வார்த்தை சொன்னீங்க, இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன்."

மோகன்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அனு அவன் பக்கமே பார்க்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நாளைக்கும் நீங்கதான் குளிப்பாட்டணும் அண்ணி. ஊத மட்டும் வேணாம்," என்றாள்.

தாயின் தோளிலிருந்த சூர்யா பழகிய முகத்தைக் கண்டு சிரித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவினான். செல்லியம்மாள் முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.