சிறுசேரிச் சுவரில் ஒரு பூசணிக்காய்

தசரதன் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது மணி இரண்டேகால். "பாய், என்னோட மின்கொடி மொத்தத்தையும் வித்துரு. மூணரைக்கு ஷேர் மார்க்கெட் மூடறதுக்குள்ள!"

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் தெருவில், செருப்புக் கடைக்கு மேலே இருந்தது கிபாயத்துல்லாவின் பங்குத் தரகு அலுவலகம். ஓர் அறை, ஒரு பெஞ்சு, இரண்டு கணினிகள். ஒன்றில் அவர் வாங்கி விற்பார்; மற்றதில் மனைவி சபீஹா செய்தி படித்துச் சொல்வாள். 2006, ஆடிக் கடைசி வாரம். அந்த அறையை நினைத்தால் சபீஹாவுக்கு இன்றும் முதலில் வருவது, கீழிருந்து ஏறிவரும் புதுத் தோலின் வாசனைதான்.

தசரதன் படப்பையில் நிலம் விற்ற பணம் அத்தனையும் மின்கொடி சாப்ட்வேர் பங்குகளில் இருந்தது. மகள் வினிதாவின் இன்ஜினியரிங் படிப்புக்கு அதை விட்டால் வேறில்லை.

"என்ன ஆச்சு அண்ணே?"

"கம்பெனியே ஓடிப்பூட்சாம். நெட்ல போட்டோவோட கீது."

சபீஹா அந்த இணையதளத்தைத் திறந்தாள். 'இன்று காலை பஸ்ஸில் போகும்போது எடுத்தது. சிறுசேரி ஆபீசின் மூன்றாவது மாடிச் சுவரில் பெயர்ப்பலகை இல்லை. காலி செய்கிறார்கள். தப்பித்துக்கொள்ளுங்கள்.' எழுதியவர் 'நலம்விரும்பி'. படத்தில் வெற்றுச் சுவர், நேர் வரிசையில் திருகாணித் துளைகள், ஓரத்தில் கயிற்றில் தொங்கும் பூசணிக்காய். விலை காலையிலிருந்து ஐந்தில் ஒரு பகுதி கரைந்திருந்தது.

பெஞ்சில் வழக்கமான இருவர். "அன்னைக்கே சொன்னேன்!" என்றார் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஸ்ரீரங்கன். "புதுப் பேராம், புது லோகோவாம், பச்சையை நீலமாக்குறானாம். உள்ளே ஒண்ணுமில்லாதவன்தான் வெளியே பெயின்ட் அடிப்பான்."

"நெட்ல வர்றதுக்கெல்லாம் நாம என்ன சார் பண்றது?" என்றார் கேம்ப் ரோட்டில் விளம்பரப் பலகை செய்யும் குப்புராஜ். வெயிலில் கன்றிய கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். மின்கொடியைச் சித்திரையில் விற்றவர். மறுவாரமே அது ஏறியதை இன்னும் ஜீரணிக்க முடியாதவர்.

சபீஹா கணவரிடம் குனிந்தாள். "எழுதினது ஸ்ரீரங்கன் சார்தாங்க. இந்த லோகோவைத் திட்டாத நாளே இல்லை."

கிபாயத்துல்லா படத்தைக் காட்டினார். "அந்தப் பூசணிக்காயைப் பெரிசு பண்ணு."

புதுக் கரியில் வரைந்த முறுக்குமீசை தெரிந்தது.

"தசரதண்ணே, இதை எப்பக் கட்டுவீங்க?"

"வூடு கட்டசொல்ல, கடை தொறக்கசொல்ல."

"காலி பண்ணும்போது?"

"காலி பண்ற எடத்து மேல எவன் பாய் கண்ணு வெக்கப்போறான்?" என்ற தசரதன் அப்படியே நின்றார்.

"புதுப் பேருக்காகப் பழைய போர்டை இறக்கியிருக்காங்க. ஆடியில புதுசு ஏத்துவாங்களா? ஆவணி பொறக்கட்டும்னு சுவர் காத்துக்கிட்டிருக்கு."

"அப்ப எழுதினவர் தெரியாம எழுதிட்டாரா?" என்றாள் சபீஹா.

"தெரிஞ்சுதான். பஸ்ஸிலிருந்து அண்ணாந்து எடுத்தா சுவர் மேலே போகப் போகக் குறுகும். இதுல துளையெல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கு. மூணாவது மாடி உயரத்துல, சாரத்துல நின்னு எடுத்த படம். போர்டை இறக்கினவருக்கு, எதுக்கு இறக்கினோம்னு தெரியாதா?" கிபாயத்துல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்க குப்புராஜ். சாரத்து வெயில் பொல்லாதது."

கழுத்தை ஒற்றிய கைக்குட்டையைக் குப்புராஜ் கீழே இறக்கினார்.

"நான் வித்ததும் ஏறிடுச்சு பாய். யாராவது வித்தாத்தானே விலை இறங்கும், நான் திரும்ப வாங்கலாம்? அது தசரதனா இருப்பான்னு நினைக்கலை."

"எம் பொண்ணு படிப்புடா அது," என்றார் தசரதன்.

கிபாயத்துல்லா சபீஹாவின் நாற்காலியைக் காட்டினார். குப்புராஜ் உட்கார்ந்து, அதே இணையதளத்தில் உண்மையைத் தன் சொந்தப் பெயரில் எழுதினார். ஸ்ரீரங்கன் டீயை உறிஞ்சியபடி, "முதல்ல என்னைத்தானே நினைச்சே, சபீஹாம்மா?" என்றார். தசரதன் விற்கவில்லை. ஆவணியில் சிறுசேரிச் சுவரில் நீலப் பலகை ஏறியது.

மூன்று ஆண்டுகள் கழித்து கிபாயத்துல்லா ஒரு காலைத் தொழுகைக்குப் பின் எழுந்திருக்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டிலேயே இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து சபீஹா அலுவலகத்துக்கு வந்தபோது பெயர்ப்பலகை இல்லை. அவள் பெயரையும் சேர்த்து எழுதுவதற்காகக் குப்புராஜ் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அதற்குள் மார்க்கெட் முழுவதும் பேச்சு: பாய் கடையை விற்றுவிட்டார்கள்.

மறுநாள் படியேறியவள் நின்றாள். நிலைக்கு மேலே முறுக்குமீசையோடு ஒரு பூசணிக்காய். கீழ்ப்படியில் தசரதன் கரிக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காலி பண்ற எடத்துக்கு எவனும் கட்ட மாட்டான் தங்கச்சி," என்றார். "மார்க்கெட்டுக்குத் தெரியட்டும்."

சபீஹா பூட்டைத் திறந்தாள். இரண்டு கணினிகளையும் போட்டாள்.