கால்வாசித் தண்ணீர்

கோடைப் பயிற்சி முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“என்னடி, அதுக்குள்ள வந்துட்ட?” என்று பெரியவள் கேட்டாள்.

“கிளம்பச் சொல்லிட்டாங்கக்கா.” யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல இருந்தது குரல்.

பெரியவள் காவல்துறை ஆய்வாளர். அம்மா போனதிலிருந்து விடுப்பில் இருந்தாள். அவளும் அழவில்லை. போட்டதைத் தின்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. எதிர்வீட்டுப் பூனை காணாமல் போனாலே பால்காரரை விசாரிக்கிற மனுஷர். “யார் கிளம்பச் சொன்னது? நான் வந்து கேக்கறேன்” என்று அவர் சட்டையை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

“மொதல்ல அவ சொல்லட்டுங்க” என்றாள் பெரியவள்.

உலக அமைப்புகளையும் ஒப்பந்தங்களையும் பற்றி இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு நடக்கும் பயிற்சி அது. கடைசிக் கட்டம், நிஜம்போலவே நடத்தும் மாதிரி மாநாடு. மேல்நதி நாடு, கீழ்நதி நாடு என்று இரண்டு கற்பனை நாடுகள், நடுவில் ஒரு கற்பனை ஆறு. நன்றாகப் பேசுகிற ஒருவருக்கு உலக அமைப்பொன்றில் நிஜமான வேலை. அந்த வேலைக்காகத்தான் சின்னவள் வருஷக்கணக்காகத் தவம் கிடந்தாள். கிடைத்தே விட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மேல்நதி அணியில் மூன்று பேர். ‘தூதர்’ என்று பட்டப்பெயர் வாங்கிய தலைவன், அவன் நண்பன், சின்னவள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் மூவரும் மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்ச காலத்திலும் அணையிலிருந்து கால்வாசித் தண்ணீர் விடலாம், அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை என்று முடிவு செய்தார்கள். எதையும் எழுதி வைக்கவில்லை. கூட்டம் கூடியதும் கீழ்நதிக்காரன் எழுந்து, சரியாகக் கால்வாசியைக் கேட்டான்.

“அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்தாங்க. நான் மட்டும் தனியா வராந்தாவுக்கு வந்தேன். அங்க கீழ்நதிக்காரன் நின்னுட்டிருந்தான். அதனால நான்தான் சொல்லியிருப்பேனாம்.”

“சொன்னியா?”

“இல்ல.”

“அதையாவது அவங்ககிட்ட சொன்னியா?”

“சொல்லத் தோணலக்கா.”

“சரி. அன்னைக்கு மத்தியானம் வேற என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல. கீழ்நதிக்காரனோட ஹெட்போன் பாதியிலேயே செத்துப்போச்சு. வேற குடுத்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

பெரியவள் செருப்பை மாட்டி, இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மண்டபத்தில் லாட வடிவ மேஜை. ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால் ஒரு மைக். பொத்தானை அமுக்கினால் அதன் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரியும். பேசுவதை மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடி அறைக்குள்ளிருந்து வேறு மொழிகளில் சொல்ல, மற்றவர்கள் ஹெட்போனில் கேட்பார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் பேசுகிறவர் குரலே அதில் கேட்கும். வயர் இல்லாத அந்த ஹெட்போன்கள் சுவரோரத் தட்டில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தன.

“சாப்பாட்டு நேரத்துல எல்லாத்தையும் இங்க மாட்டிடணும் மேடம். அப்பதான் சாயங்காலம் வரைக்கும் தாங்கும்” என்றார் ஒலி அமைப்பாளர்.

“அந்த நேரத்துல மைக்கையும் நிறுத்திடுவீங்களா?”

“ஸ்பீக்கரை மட்டும் நிறுத்துவேன். மத்தது ஓடிட்டுதான் இருக்கும்.”

வீட்டுக்காரர் மேஜைக்கு அடியில் ஒளிந்து கேட்கும் கருவியைத் தேடி, யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்மைக் கையில் அப்பிக்கொண்டு எழுந்தார். “எனக்கென்னவோ அந்தத் தூதர் மேலதான் சந்தேகம். முழியே சரியில்ல.”

தூதரைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஆள்காட்டி விரலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். பக்கத்தில் இருந்தவனிடம் உப்பு கேட்பதற்கும் தட்டினான். பெரியவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெரியவள் கேட்டுக்கொண்டதும், பயிற்சியின் இயக்குநர் அம்மாள் எல்லாரையும் மண்டபத்துக்கு வரவழைத்தார். மேல்நதி அணியை அன்றைக்குப் போலவே உட்கார வைத்து, ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னாள் பெரியவள். மற்றவர்களை வெளியே அனுப்பி, வீட்டுக்காரர் காதில் ஒரு ஹெட்போனை மாட்டி அவரையும் வராந்தாவுக்கு அனுப்பினாள்.

“உங்களுக்குள்ள ஏதாவது பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டு அவளும் கதவோரம் ஒதுங்கினாள். தூதர் நண்பன் பக்கம் சாய்ந்து ரகசியமாக ஏதோ சொன்னான்.

கதவு படாரென்று திறந்தது. “‘இந்தம்மா போலீஸா, இல்ல டிராமா டீச்சரா?’” என்று வீட்டுக்காரர் சந்தோஷம் தாங்காமல் கத்தினார். “அப்படியே காதுல விழுது!” அவர் பின்னாலேயே மற்றவர்களும் உள்ளே வந்தார்கள்.

தூதர் குனிந்து பார்த்தான். அவன் மைக்கைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பயிற்சி ஆரம்பிச்சதுலேர்ந்து இந்தப் பொத்தானை அமுக்காம நீங்க வாயைத் திறந்ததே இல்ல தம்பி” என்றாள் பெரியவள். “உப்பு கேக்கக்கூட விரல் தன்னால போகுது. கதவைச் சாத்தினீங்க, விரலை மறந்துட்டீங்க. ஸ்பீக்கர் ஓடாததால உள்ள யாருக்கும் தெரியல. ஆனா ஹெட்போன் வெச்சிருந்தவருக்குக் கேட்டிருக்கு. தட்டுல சார்ஜ் ஆன ஹெட்போன் எல்லாம் சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு. ஒண்ணு மட்டும் பாதியிலேயே செத்துச்சு. அது சாப்பாட்டு நேரத்துல எங்க இருந்துச்சு?”

எல்லாரும் கீழ்நதிக்காரனைப் பார்த்தார்கள். “கழட்ட மறந்து கழுத்திலேயே மாட்டிட்டுப் போயிட்டேன்” என்றான் அவன். “பேச்சு கேட்டுச்சு. நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.”

இயக்குநர் அம்மாள் சின்னவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பரிந்துரைக்குப் போகும் பெயர்களில் அவள் பெயரும் இருக்கும் என்றார். சின்னவள் தலையை ஆட்டினாள்.

எல்லாரும் போன பிறகும் அவள் இடத்தைவிட்டு எழவில்லை. பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு அவன் பக்கத்துலதானே உக்காந்திருந்த. விளக்கு எரிஞ்சதைப் பார்க்கலியா?”

“பார்த்தேன்.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

“அம்மாவை உள்ள கொண்டுபோனப்ப ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நம்ம ரெண்டு பேரும் சிவப்பு விளக்கைப் பார்த்துட்டே உக்காந்திருந்தோமே. அது அணைஞ்சதும்தானே டாக்டர் வெளிய வந்து சொன்னாரு.” மைக்கைப் பார்த்தாள். “இது அணையக் கூடாதுன்னு மட்டும்தான்க்கா தோணுச்சு.”

தூதர் அணைக்க மறந்துபோன மைக்கில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து, அவள் விரலாலேயே பொத்தானை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. யாரும் வெளியே வரவில்லை, எதுவும் சொல்லவில்லை.

வண்டிச் சாவியோடு உள்ளே வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். முதலில் அழுதது பெரியவள்தான்.