வாயில் கொழுக்கட்டை

“நீங்க எல்லாரும் ஒரே ஃபேமிலிதானே?”

தைவான் உணவகத்தின் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. முக்கால் மணி நேரமாக ஐந்து பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ‘இன்னாடா இது, இன்னும் கூப்புட்ல’ என்று ஒரே ராகத்தில் புலம்பிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

“இல்ல, இவங்க வேற” என்றாள் ஜோதிலட்சுமி.

“இல்லீங்க, அவங்க வேற” என்றான் பக்கத்தில் நின்ற இளைஞன், அதே நொடியில்.

இருவரும் திரும்பி ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். முறைப்பு என்றுதான் ஆரம்பித்தது... ஆனால் அவனுடைய கண்கள் முறைக்கவென்று பிறந்தவை அல்ல. சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள். ஜோதி சட்டென்று மெனு அட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தனித்தனி மேசை வேண்டுமென்றால் இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றாள் அந்தப் பெண். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அன்று முதலில் பறந்தது கௌரவம். ஐந்து பேரும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்தார்கள்.

இந்தப் பக்கம் ஜோதி, அவள் அப்பா தனகோடி, அம்மா சின்னப்பொண்ணு. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தவர்கள். மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் ஜோதிக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. அதற்கான விருந்து இது. அந்தப் பக்கம் திருப்போரூரில் உரக்கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமார். கண் டாக்டரிடம் அம்மாவைக் காட்டிவிட்டு, புதிதாக எதையாவது சாப்பிட வைக்கலாமென்று அழைத்து வந்திருந்தான்.

மூங்கில் தட்டுகள் ஆவி பறக்க வந்தன. மூடியைத் திறந்ததும் தனகோடியின் முகம் விழுந்தது. முப்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர், மனதில் பட்டதை ஹாரன் மாதிரி அடித்துவிடுவார்.

“இன்னாமே இது... கொழுக்கட்டை! இதத் துன்றதுக்கா ரயில் ஏறி வந்தோம்?”

“அதானே” என்றாள் ரஞ்சித்தின் அம்மா. “மடிப்பு மட்டும் நல்லா வச்சிக்கீறான்.”

அவ்வளவுதான், இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது. சின்னப்பொண்ணு எந்த ஊர் என்று கேட்டாள். திருப்போரூர் என்றதும், அங்கே முருகன் கோயில் தெருவில் தன் சித்தி மகள் இருக்கிறாளே என்றாள். அந்தச் சித்தி மகளின் நாத்தனார் ரஞ்சித்தின் பெரியம்மா என்று தெரிய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பெண்ணுக்கு என்ன வயது, பையனுக்கு இன்னும் ஏன் ஆகவில்லை, ஜாதகம் இருக்கிறதா... பேச்சு எங்கே போகிறதென்று புரிந்ததும் ஜோதிக்குக் காது மடல் சுட்டது.

எதிரே பார்த்தாள். அவனும் பார்த்தான். அவள் தடுமாறிப்போய், கைக்கு வந்த அந்தத் தைவான் கொழுக்கட்டையை முழுசாக வாய்க்குள் போட்டுக் கடித்தாள்.

உள்ளே கொதிக்கக் கொதிக்கச் சூப் இருக்கும், ஓரத்தைக் கடித்து உறிஞ்சிவிட்டுத்தான் சாப்பிடவேண்டும் என்று மெனு அட்டையில் படம் போட்டிருந்தார்கள். முகத்தை மறைக்க அட்டையை எடுத்தவள் அதை எங்கே பார்த்தாள்! நாக்கு வெந்துபோனது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பார்த்துப் பார்த்து அந்த நேரத்தில்தான் அப்பா கேட்டார்.

“இன்னாம்மா, தம்பிய உனுக்குப் புடிச்சிக்கீதா?”

ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர்.

“கேக்கறன்ல. வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

ஐயோ நைனா, கொழுக்கட்டையேதான்!

“வெக்கப்படுதுங்க பொண்ணு” என்று பூரித்துப்போனாள் ரஞ்சித்தின் அம்மா. “பேசாம கீதுன்னா சம்மதம்தானே.”

ஒரு கை மட்டும் ஐஸ் தண்ணீர் தம்ளரை ஓசையில்லாமல் அவள் பக்கம் நகர்த்தியது. நிமிர்ந்தாள். ரஞ்சித் சிரிக்கவில்லை. அவள் வலி தனக்கும் வலித்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. வாய்தான் திறக்கவில்லை.

நாலாம் நாள் திருப்போரூரிலிருந்து போன் வந்தது. பையன் யோசிக்கிறானாம்.

“யோசிக்கறான்னா இன்னா அர்த்தம்? வேணாம்னு அர்த்தம்” என்றார் தனகோடி. கேட்டவர்களுக்குக் கொடுக்காமல், கேட்காத இடத்தில் வாய்விட்டுக் கேட்டோமே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஜோதிக்கோ மானம் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். யோசிக்கிற ஆள் தண்ணீர் நகர்த்துவானேன்... அப்படிப் பார்ப்பானேன்? இனி எந்த ஜென்மத்திலும் அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று தீர்மானித்தாள். தினமும் ஒருமுறை தீர்மானிக்கவேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழிந்தது. சின்னப்பொண்ணு மகளையும் கணவரையும் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணம் கூடிவர, சாமிக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்றுச் சுற்றவேண்டும். கடற்காற்றோடு தூறல். ஜோதி கோபத்தைக் காலில் காட்டி நடந்தாள். முன்னால் ஒருவன், அவனும் மாலையும் கழுத்துமாக, விரல்விட்டு எண்ணிக்கொண்டே சட்டென்று நின்றான். மோதிக்கொண்டாள்.

“ஏங்க, இது நாலாவது சுத்தா, அஞ்சாவதா...” என்று திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

ரஞ்சித்!

“நல்லா யோசிச்சி எண்ணுங்க. யோசிக்கறது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

“நான் வேணாம்னு சொல்லலீங்க. பொண்ண இன்னொரு வாட்டி கேட்டுப் பாருன்னுதான் சொன்னேன். ஒரு தடவ தலைகுனிஞ்ச பொண்ண மறுபடி கேட்டா மரியாதை இல்லன்னு எங்கம்மா நெனச்சிகினு, யோசிக்கறான்னு சொல்லிட்டாங்க.”

“ஏன் இன்னொரு வாட்டி?”

“நாக்கு வெந்து அழுதத சம்மதம்னு வச்சிகினு எப்படிங்க தாலி கட்றது?” அவன் குரல் தாழ்ந்தது. “எனுக்கு அன்னிக்கே புடிச்சிப்போச்சி. உங்களுக்குப் புடிச்சிதான்னு எனுக்குத் தெரியல. அத உங்க வாயால கேக்கணும்.”

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த கோபம் தூறலோடு கரைந்து ஓடியது. எல்லோரும் அவள் மௌனத்துக்கு அர்த்தம் சொன்னார்கள். இவன் ஒருவன்தான் அவளிடமே கேட்கிறான். அதை எப்படிச் சொல்வதென்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆறு, ஏழு, எட்டு. பக்கத்தில் நடந்தவனின் முகம் சுற்றுக்குச் சுற்று வாடிக்கொண்டே வந்தது. ஒன்பது முடிந்ததையும் இருவரும் கவனிக்கவில்லை.

மண்டபத்தில் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு அம்மாக்களும் எழுந்து நின்றார்கள். தனகோடி குடையோடு பாதையை மறித்தார்.

“பதினோரு சுத்து ஆச்சு. யாரு கூட சுத்திகினு கீற நீ? கேக்கறன்ல, வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

ஜோதி நின்றாள்.

“இன்னிக்கு ஒண்ணுமில்ல நைனா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனுக்கு இவரப் புடிச்சிருக்கு.”

தனகோடி மகளைப் பார்த்தார். பிறகு பையனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீ இன்னா சொல்ற? இன்னும் யோசிக்கணுமா?”

“இல்லீங்க மாமா” என்றான் ரஞ்சித்.