கோர்சிக்காவுக்கு ஓர் ஆயா

“ஐயோ... தொரை! தொரை விழுந்து கெடக்காரு!”

கொழுந்து பறிக்க வந்த வடிவம்மா போட்ட அலறலில் மலையே அதிர்ந்தது!

பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுப் பாறை விளிம்புக்கு ஓடினார்கள். எட்டிப் பார்த்தார்கள்.

கீழே... செங்குத்துப் பாறையின் அடியில்... ஹார்ட்லி துரை மல்லாந்து கிடந்தார். தலையைச் சுற்றி ரத்தம். மலையேற வாங்கிய ஆணிச் சப்பாத்து மட்டும் புத்தம் புதுசாகப் பளபளத்தது.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி வீரய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்தார். நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

“அட கடவுளே! எங்க சாமி போயிட்டாரே!”

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதார்.

விடிகிற நேரத்தில் அந்தச் சாமியைப் பிடித்துத் தள்ளியவரே அவர்தான்!

*

1912. இலங்கையில் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு... கோர்சிக்கா!

மத்தியதரைக் கடலில் பிரெஞ்சுக்காரனுக்குச் சொந்தமான தீவு அது. துரையின் நீண்ட லீவுக்கு அங்கேதான் போவதென்று முடிவாகிவிட்டது. ஆனால் தீவில் எந்தப் பக்கம்? மேசைமேல் வரைபடத்தை விரித்துவைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சண்டை! துரைக்கு மலை வேண்டும். துரைசாணி எமிலிக்குக் கடற்கரை வேண்டும்.

“இத்தன வருசமா மலையிலதானே குந்திக்கிட்டிருக்கோம், லீவுக்கும் மலையான்னு தொரசாணி கத்துறாங்கப்பா!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள் தனலெட்சுமி. வீரய்யாவின் ஒரே மகள். தாயில்லாப் பெண். துரைசாணிக்குத் தலைவாரி, துணிமணி எடுத்துவைக்கும் ஆயா.

வீரய்யாவும் சேர்ந்து சிரித்தார். கோர்சிக்கா மலைக்காகத் துரை தினமும் விடியற்காலையில் பங்களாவுக்கு எதிரே இருந்த பாறையில் ஏறிப் பழகுவதைப் பார்த்தும் சிரித்தார்.

துரைசாணி பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பிய அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. இலங்கையிலேயே பிறந்து, ஆயாக்கள் மடியில் வளர்ந்தவள் அவள். தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

“வீரய்யா... தனலெட்சுமியும் கப்பல்ல வரணும்ங்கிறார் தொரை. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

“தொரசாணி... தாயில்லாப் புள்ளைங்க அது...”

“எனக்குத் தெரியாதா? ஆனா தொரை இருக்கிற வரைக்கும் அவர் சொல்றதுதானே இங்க சட்டம்? நான் என்ன செய்ய?”

பக்கத்துத் தோட்டத்துக் கனகம் இப்படித்தான் ஒரு துரை குடும்பத்தோடு கப்பல் ஏறினாள். போனவள் போனவள்தான்! அவளைப் பெற்றவள் இன்னும் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

துரையிடம் நேரே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? நல்லா இருக்கே நியாயம்! தோட்டத்தில் துரை கேட்பார், கங்காணி பதில் சொல்வார். கங்காணி துரையைக் கேள்வி கேட்கிற வழக்கம் எந்தக் காலத்தில் இருந்தது?

அதனால் வீரய்யா கேட்கவில்லை. பாறை மறைவில் பதுங்கி நின்றார்.

ஒரே தள்ளு!

*

பிற்பகலில் பதுளையிலிருந்து வந்து சேர்ந்தார் இன்ஸ்பெக்டர் ஷுக்ரி. பாறைக்குக் கீழே இறங்கிப் பிணத்தைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் வேறெதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

“கங்காணி, கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன?”

துரையின் உடலிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, ஒரு தட்டைக் கல்லின்மேல்... தோல் செருப்பு! ஜோடி சேர்த்து, ஒழுங்காக!

வீரய்யா மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

வெறுங்கால்!

ஐயோ பாவி! உயிர் போய்விட்டதா என்று பார்க்கக் காலையில் இங்கே இறங்கினாரே... துரையை நெருங்கும்போது செருப்பைக் கழற்றுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். செத்த துரைக்கும் கழற்றியிருக்கிறார்! அந்த நேரம் பார்த்து மேலே பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் தப்பு மேளம் அடித்தது. வேலைக்கு ஆள் பிரிக்க அடித்துப் பிடித்து ஓடினார். பெரட்டிலும் உதவி மேனேஜரான சின்னத்துரைக்கு முன்னால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். செருப்பு ஞாபகமே வரவில்லை.

ஷுக்ரி விரலை மடக்கினார்.

“லயத்து ஆளுக்குச் செருப்பே இல்ல. வெள்ளைக்காரன் எந்தப் பொணத்துக்காகவும் சப்பாத்தக் கழட்ட மாட்டான். மிச்சம் யாரு? செருப்பும் போடுவாரு... செத்தாலும் தொரை தொரைதான்னு கழட்டியும் வெப்பாரு. இந்தத் தோட்டத்துல அப்படி ஒருத்தர்தானே?”

“ஐயா... நா... நானு...”

“நான் வர்ற வரைக்கும் யாரும் கீழ இறங்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்ப காலையிலேயே பொணத்தக் கண்டவரு ஏன் யாருக்கும் சொல்லல? வடிவம்மா கத்துற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தீங்களா?”

வீரய்யாவின் கண்ணுக்கு முன்னால் தூக்குமரம் வந்து நின்றது. தான் தொங்கிவிட்டால் மகள்?

“எங்கிட்ட சொன்னார்!”

குரல் கேட்டுக் கூட்டம் விலகியது. கறுப்பு உடுப்பில் துரைசாணி! பின்னால் குடை பிடித்தபடி தனலெட்சுமி!

“தொரையைக் காணோம், போய்ப் பார்னு நான்தான் கங்காணியை அனுப்பினேன். பாத்துட்டு வந்து சொன்னார். எனக்கு மயக்கமே வந்திருச்சு. நான் சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னேன். திறக்கல. வேற என்ன தெரியணும், இன்ஸ்பெக்டர்?”

ஷுக்ரி அவளைப் பார்த்தார். கங்காணியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

வெள்ளைக்காரச் சீமாட்டி சொன்னதைப் பொய் என்று எழுத எவனுக்குத் துணிச்சல் வரும்?

“கால் தவறி விழுந்து மரணம்...” என்று முணுமுணுத்தபடி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

துரையின் உடலைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முன்னால் போனார்கள். தனலெட்சுமியையும் அவர்களோடு அனுப்பிவிட்டுத் துரைசாணி பின்தங்கினாள். வீரய்யா அவள் காலில் விழுந்தார்.

“உசுரக் குடுத்தீங்க, தொரசாணி!”

“எந்திரி. விடியக்காலையில ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்தேன். உன் வெள்ளைத் தலப்பா நல்லாவே தெரிஞ்சுது.”

வீரய்யாவின் கை தானாகத் தலைப்பாவுக்குப் போனது.

“பயப்படாதே. வர்ற வாரம் நான் கப்பல் ஏறுறேன். கோர்சிக்கா... கடற்கரையில வீடு. திரும்பி வர்ற உத்தேசம் இல்ல. தனலெட்சுமியும் வர்றா.”

“தொரசாணி! அவ போகக் கூடாதுன்னுதாங்க... தொரை கூட்டிட்டுப் போறேன்னதாலதாங்க...”

துரைசாணி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. தூரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்து, பாவம் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் சிரித்தாள்!

“தொரையா? ‘அந்தப் புள்ள அவ அப்பன்கிட்டயே இருக்கட்டும்’னு என்கூட மல்லுக்கு நின்னவரே அவர்தான்! நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வீரய்யா!”

மகளை இங்கேயே விட்டுவைக்க நினைத்த ஒரே மனிதர்... அந்த மனிதரையா... இந்தக் கையாலேயா...!

‘ஏன் எங்கிட்ட பொய் சொன்னீங்க?’ நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. அவளே சொன்னாள்.

“புருசன் எங்கேயும் கெடைப்பான். நல்ல ஆயா கெடைக்கிறதுதான் கஷ்டம்.”

“நா... நான் இன்ஸ்பெக்டர்கிட்ட உண்மையச் சொல்லிருவேன்...”

“சொல்லு. உன்னைத் தூக்குல போடுவாங்க. அப்புறம் அவளுக்கு என்னை விட்டா யாரு? அழுதுக்கிட்டு வருவா. நீ பேசாம இருந்தா சிரிச்சுக்கிட்டு வருவா.”

தூரத்தில் தனலெட்சுமி திரும்பி நின்று, அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

வீரய்யா வாய்விட்டு அழுதார். இந்த முறை நடிப்பு இல்லை.

“வேற ஏதாவது கேக்கணுமா, கங்காணி?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதுகை வளைத்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரரிடம் கேள்வி கேட்டார்.

“பொட்டி தூக்க ஆளுங்க எத்தன மணிக்கு வரணும்ங்க, தொரசாணி?”